கார்டைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசைக் கணினியில் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் வரைந்து அனுப்பும் பலகை) போடுவது இப்போது கேம் ஆடும் பிள்ளைகளோடு நிற்கவில்லை. கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஸ்டுடியோக்கள், கட்டட வரைபடம் போடுவோர், இரண்டு மூன்று திரைகளை விரித்து வைத்துக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகங்கள், சென்னை ரிச்சி தெருவில் பழைய அலுவலகக் கணினியை வாங்கிவந்து அதில் ஒரு கார்டைச் செருகிக்கொள்ளும் மாணவர்கள் என்று பலரும் வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு "டிஸ்பிளே வரவில்லை, கார்டு போய்விட்டது" என்று கடைக்கும் சர்வீசுக்கும் அலைகிறார்கள். கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் எங்களிடம் இப்படி வருபவற்றில் பலவற்றில் கார்டு நன்றாகவே இருக்கிறது. மானிட்டரை இணைத்த விதம்தான் தவறு. ஸ்குரூடிரைவர்கூடத் தேவைப்படாத வேலைக்கு மக்கள் சர்வீஸ் கட்டணம் கொடுப்பது எங்களுக்கு உடன்பாடில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

முதலில் கேபினட்டின் முதுகுப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். யுஎஸ்பி துளைகள், நெட்வொர்க் கேபிள் செருகும் இடம், ஸ்பீக்கருக்கான பச்சை வட்டத் துளை எல்லாம் நெடுக்குவாக்கில் ஒரே தகட்டில் இருக்கும். அது மதர்போர்டின், அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகையின், பகுதி. அங்கேயும் மானிட்டர் கேபிள் செருகும் ஓர் எச்டிஎம்ஐ போர்ட் (துளை) இருக்கும், சிலவற்றில் பழைய மானிட்டர்களுக்கான நீல நிற விஜிஏ போர்ட்டும் இருக்கும். அதற்குக் கீழே படுக்கைவாட்டில், ஸ்குரூ போட்டு நிறுத்திய இன்னொரு தகட்டில் மூன்று நான்கு போர்ட்டுகள் வரிசையாக இருந்தால் அதுதான் கிராபிக்ஸ் கார்டு. மானிட்டர் கேபிள் இந்தக் கீழ் வரிசையில்தான் போக வேண்டும். பழைய பழக்கத்தில் மேலே செருகிவிடுவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் முதல் காரணம்.

மேலே செருகினால் என்ன ஆகும் என்பது கணினியின் மூளையான பிராசஸரைப் பொறுத்தது. இன்டெல் பிராசஸரின் பெயர் எஃப் என்று முடிந்தால், உதாரணமாக 12400எஃப், அதனுள்ளே கிராபிக்ஸ் (படம் வரையும் பகுதி) கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5600, 5600எக்ஸ் போன்றவையும் அப்படியே. 5600ஜி என்றால் உண்டு. உள்ளே கிராபிக்ஸ் இல்லாத பிராசஸரோடு மதர்போர்டு போர்ட்டில் கேபிளைச் செருகினால் எத்தனை முறை ஆன் செய்தாலும் 'நோ சிக்னல்' என்றுதான் காட்டும். அந்தப் போர்ட்டுக்குப் படம் அனுப்ப ஆளே இல்லை.

பிராசஸருக்குள் கிராபிக்ஸ் இருந்தாலும் கார்டு செருகியதைக் கண்டதும் அந்த உள் கிராபிக்ஸை அணைத்துவிடும்படி பல மதர்போர்டுகளின் பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருள்) அமைந்திருக்கிறது. நேற்றுவரை படம் வந்த போர்ட்டில் கார்டு போட்ட பிறகு படம் வராததற்கு இதுவே காரணம். இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு: அணைக்காமல் விட்டு, மேல் போர்ட்டிலும் படம் வந்துவிடுவது. எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் கேம் நகராது. விண்டோஸ் சில சமயம் வேலையைக் கார்டிடம் கொடுத்து, படத்தை மட்டும் மதர்போர்டு வழியே வெளியே அனுப்பும். அப்போதும் ஒவ்வொரு ஃபிரேமையும் (திரையில் வரும் ஒவ்வொரு படத்தையும்) ஒரு முறை கூடுதலாக நகலெடுக்க வேண்டியிருப்பதால் வேகம் குறையும். உங்கள் மானிட்டர் எதில் இணைந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போங்கள். மானிட்டர் பெயருக்குக் கீழே அது எந்தக் கிராபிக்ஸோடு இணைந்துள்ளது என்று எழுதியிருக்கும். அங்கே என்விடியாவின் ஜிஃபோர்ஸ் அல்லது ஏஎம்டியின் ரேடியான் கார்டின் பெயருக்குப் பதிலாக இன்டெல் யுஎச்டி என்று இருந்தால், கார்டுக்குக் கொடுத்த பணம் கேபினட்டுக்குள் சும்மா கிடக்கிறது.

கேபிள் சரியான இடத்தில் இருந்தும் படம் வரவில்லையென்றால் மானிட்டரின் இன்புட் பட்டனைப் பாருங்கள். விஜிஏவில் நின்றிருக்கும் மானிட்டருக்கு எச்டிஎம்ஐயில் வருவது தெரியாது. தானாகத் தேடும் வசதி எல்லா மானிட்டரிலும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. புதிய கார்டின் போர்ட்டுகளில் தூசி போகாமலிருக்கக் கறுப்பு மூடி செருகி வருவதுண்டு. அதைக் கழற்றாமலே கேபிளை அழுத்திப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து மின்சாரம். கார்டு செருகும் நீள ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்கு மேல் இழுக்கும் கார்டுகளுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பெட்டியிலிருந்து) தனி வயர் வேண்டும். 6 பின் வயர் என்றால் 75 வாட், 8 பின் என்றால் 150 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற 170 வாட் கார்டில் இந்த வயரைச் செருக மறந்தால் ஃபேன் சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். சில கார்டுகள் பவர் கேபிளை இணைக்கச் சொல்லித் திரையிலேயே எழுத்து காட்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் பிராசஸருக்கான 8 பின் வயரும் இருக்கும். அது நான்கும் நான்குமாகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். இரண்டிலும் பின் அமைப்பு வேறு, பிளஸ் மைனஸ் வரும் இடமும் வேறு. எளிதாக உள்ளே போகவில்லையென்றால் அழுத்தாதீர்கள், வயர் மாறியிருக்கிறது என்று பொருள். பழைய சிறிய அலுவலகக் கணினிகள் சிலவற்றில் எஸ்எம்பிஎஸ் 240 வாட்தான், கார்டுக்கான வயரே இருக்காது. அவற்றில் ஸ்லாட் மின்சாரத்திலேயே ஓடும் பாதி உயரக் கார்டைத்தான் போட வேண்டும். மோலெக்ஸ் வயரிலிருந்து (பழைய ஹார்ட் டிஸ்க்குகளுக்கான நான்கு பின் வயர்) மாற்றி எடுக்கும் மலிவான இணைப்பைப் பெரிய கார்டுக்குப் போட்டால் பிளாஸ்டிக் உருகிவிடக்கூடும்.

பழைய விஜிஏ மானிட்டர் வைத்திருப்போருக்கு இதைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். 17, 19 அங்குல மானிட்டர்கள் பல வீடுகளில் இன்னும் நன்றாகவே ஓடுகின்றன. அவற்றைத் தூக்கிப் போடச் சொல்ல எங்களுக்கு மனமில்லை, தேவையும் இல்லை. ஆனால் விஜிஏ என்பது அனலாக் (டிஜிட்டல் அல்லாத பழைய வகை) சிக்னல். என்விடியா 2016இல் கொண்டுவந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து கார்டின் டிவிஐ போர்ட்டிலும் (மானிட்டருக்கான பழைய அகலத் துளை) அனலாக் வருவதில்லை. பழைய கார்டுகளில் இருந்த டிவிஐயில், தட்டையான நீள பின்னைச் சுற்றி மேலும் கீழும் நான்கு சிறு துளைகள் இருக்கும். அனலாக் அந்த நான்கில்தான் வரும். இப்போதைய டிவிஐயில் அந்தத் துளைகளே இல்லை. பழைய வெள்ளை டிவிஐ-விஜிஏ கன்வெர்ட்டர் உள்ளே போகவில்லை என்று, நீட்டிக்கொண்டிருக்கும் நான்கு பின்களைக் குறடால் உடைத்துவிட்டுச் செருகுகிறார்கள். செருகினாலும் படம் வராது. அந்த நான்கு பின்களும் எதை வாங்க நீட்டிக்கொண்டிருந்தனவோ, அந்தச் சிக்னலே கார்டில் இல்லை.

இதற்கு வாங்க வேண்டியது உள்ளே சிப் இருக்கும் எச்டிஎம்ஐ-விஜிஏ கன்வெர்ட்டர். வாங்கும்போது திசையைக் கேட்டு வாங்குங்கள். எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்குப் போவது ஒன்று, விஜிஏவிலிருந்து எச்டிஎம்ஐக்கு வருவது வேறொன்று. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது. இன்னொரு சிக்கலும் உண்டு. கன்வெர்ட்டரின் சிப் எச்டிஎம்ஐ போர்ட்டில் வரும் 5 வோல்ட்டில் ஓடுகிறது. போர்ட் கட்டாயம் கொடுக்க வேண்டிய மின்னோட்டம் வெறும் 55 மில்லிஆம்பியர்தான். சில கன்வெர்ட்டர்களுக்கு அது போதாது. பத்து நிமிடம் ஓடிவிட்டுப் படம் போய்ப்போய் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. பக்கத்தில் சிறிய யுஎஸ்பி துளை இருக்கும் கன்வெர்ட்டராக வாங்கி, கணினியின் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் கொடுத்துவிட்டால் சரியாகும்.

எச்டிஎம்ஐ போலவே மானிட்டரை இணைக்கும் இன்னொரு வகையான டிஸ்பிளேபோர்ட்டுக்கும் இதே திசைச் சிக்கல் இருக்கிறது. புதிய கார்டுகளில் பலவும் மூன்று டிஸ்பிளேபோர்ட், ஒரு எச்டிஎம்ஐ என்ற அமைப்பில்தான் வருகின்றன. வீட்டில் இருப்பதோ எச்டிஎம்ஐ மானிட்டர்கள். கார்டின் டிஸ்பிளேபோர்ட்டிலிருந்து மானிட்டரின் எச்டிஎம்ஐக்குச் சாதாரண டிஸ்பிளேபோர்ட்-எச்டிஎம்ஐ கேபிளே போதும். கார்டு எச்டிஎம்ஐ சிக்னலையே அந்தப் போர்ட்டில் அனுப்பிவிடும். கார்டின் எச்டிஎம்ஐயிலிருந்து மானிட்டரின் டிஸ்பிளேபோர்ட்டுக்கு அதே கேபிளைத் திருப்பிப் போட்டால் ஒன்றும் வராது. அதற்கு யுஎஸ்பி மின்சாரம் எடுக்கும் தனி கன்வெர்ட்டர் வேண்டும், விலையும் கூடுதல். மலிவான டிஸ்பிளேபோர்ட்-எச்டிஎம்ஐ கேபிள்கள் பல 1080 (ஃபுல் எச்டி) திரையை 60 ஹெர்ட்சில் (விநாடிக்கு 60 முறை) காட்டுவதோடு நின்றுவிடும். 4கே டிவியை 60 ஹெர்ட்சில் ஓட்ட வேண்டுமானால், கார்டில் இருக்கும் அந்த ஒரே எச்டிஎம்ஐ போர்ட்டை டிவிக்கு ஒதுக்கிவிட்டு மானிட்டர்களை டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாற்றுவதே நல்லது.

டிஸ்பிளேபோர்ட் பிளக்குகள் பலவற்றின் தலையில் ஒரு சிறு பட்டன் இருக்கும். அதை அழுத்திக்கொண்டுதான் கேபிளை இழுக்க வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் உள்ளிருக்கும் கொக்கிகள் கார்டின் போர்ட்டையே சாலிடரோடு அசைத்துவிடும். விவரமறிந்தவர்களும் அதிகம் கவனிக்காத ஒன்று 20ஆவது பின். அது 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது, மானிட்டர் கேபிளில் அதை இணைக்கக்கூடாது என்பது விதி. மட்டமான கேபிள்களில் இணைத்துவிடுகிறார்கள். மானிட்டரிலிருந்து மின்சாரம் பின்வழியாகக் கார்டுக்குள் ஏறுகிறது. கணினியை அணைத்த பிறகும் உள்ளே எல்இடி மங்கலாக எரிந்தாலோ, மானிட்டர் கேபிளைக் கழற்றினால் மட்டும் கணினி ஆன் ஆனாலோ முதலில் அந்தக் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வேகத்துக்கு வருவோம். எச்டிஎம்ஐ 1.4 பதிப்பு என்றால் 4கே திரை 30 ஹெர்ட்சில்தான் ஓடும், மவுஸ் இழுத்தாற்போல் வரும். 2.0இல் 60 ஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆனால் பெட்டியில் 2.1 என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி மானிட்டர் வாங்க வேண்டாம். 2.1இன் பெரிய வசதிகள் கட்டாயமில்லை என்பதால், 2.0இன் வேகமே உள்ள போர்ட்டுக்கும் 2.1 என்று பெயர் போட விதி இடம் கொடுக்கிறது. எந்தத் தெளிவில் எத்தனை ஹெர்ட்ஸ் என்பதைப் போர்ட் வாரியாகக் கையேட்டில் பாருங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் பலவற்றில் அந்த வேகம் டிஸ்பிளேபோர்ட்டில் மட்டுமே கிடைக்கும், எச்டிஎம்ஐயில் அதைவிடக் குறைவாக இருக்கும். கேபிளில் 4கே 60க்குப் பிரீமியம் ஹை ஸ்பீடு, அதற்கு மேல் அல்ட்ரா ஹை ஸ்பீடு என்ற லேபிள் வேண்டும். நீளம் இரண்டு மீட்டருக்குள் இருந்தால் தொல்லை குறைவு. திரையில் பொட்டுப் பொட்டாக மின்னுவது, ஓரிரு விநாடி கறுத்துத் திரும்புவது இவற்றில் முதல் சந்தேகம் கேபிள்மேல் இருக்கட்டும்.

நல்ல கேபிள் போட்டாலும் விண்டோஸ் பெரும்பாலும் 60 ஹெர்ட்சிலேயே ஆரம்பிக்கும். முன்பு சொன்ன அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்தில் ஒவ்வொரு மானிட்டரையும் தேர்ந்தெடுத்து ரெஃபிரஷ் ரேட்டை (ஹெர்ட்ஸ் அளவை) நீங்களேதான் ஏற்ற வேண்டும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி மாதக்கணக்கில் 60இல் ஓட்டுவோர் உண்டு.

இரண்டாவது மானிட்டர் இணைக்கும்போது முதலில் ஒன்றை மட்டும் இணைத்து, என்விடியா அல்லது ஏஎம்டி டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) நிறுவிய பிறகு மற்றதை இணையுங்கள். டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் தன் அடிப்படை டிரைவரில் ஓடுவதால் இரண்டாவது திரையைக் கண்டுகொள்ளாது. விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி எக்ஸ்டெண்ட் தேர்ந்தெடுங்கள். டிஸ்பிளே பக்கத்தில் 1, 2 என்று தெரியும் கட்டங்களை மேசையில் மானிட்டர்கள் நிற்கும் இடப்படி இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் வலப்பக்கம் போக வேண்டிய இடத்தில் இடப்பக்கம் முட்டும். மானிட்டரை இணைத்ததும் ஸ்பீக்கரில் சத்தம் நின்றுபோனால் ஸ்பீக்கர் கெடவில்லை. எச்டிஎம்ஐ ஒலியையும் சேர்த்துக் கொண்டுபோவதால் விண்டோஸ் மானிட்டருக்கு மாறியிருக்கிறது. கீழே ஸ்பீக்கர் படத்தை அழுத்திப் பழையதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எத்தனை மானிட்டர் என்பதைப் போர்ட்டுகளை எண்ணி முடிவு செய்யாதீர்கள். ஜிஃபோர்ஸ் கார்டில் ஐந்து போர்ட் இருந்தாலும் ஒரே நேரத்தில் நான்கு திரைதான். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டிலும் இரண்டு திரையே முடியும். கூடுதலாக ஒன்று வேண்டுமானால் பயாஸில் பிராசஸரின் கிராபிக்ஸை மீண்டும் உயிர்ப்பித்து, மின்னஞ்சலோ விலைப்பட்டியலோ பார்க்கும் திரையை மட்டும் மதர்போர்டு போர்ட்டில் இணைத்துக்கொள்ளலாம். அப்போது பயாஸில் முதல் டிஸ்பிளே எது என்ற இடத்தில் பிசிஐஇ (கார்டு செருகிய ஸ்லாட்) என்று வைக்க மறக்காதீர்கள். சில பயாஸில் அது பெக் என்று இருக்கும்.

டிவியை மானிட்டராக்குவோர் சொல்லும் குறை மூன்று. ஓரம் வெட்டுப்படுகிறது என்றால் டிவியின் பட அளவை ஜஸ்ட் ஸ்கேன் அல்லது ஸ்கிரீன் ஃபிட் என்று மாற்றுங்கள். கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை ஃபுல் ஆக்குங்கள். எழுத்து மங்கினால், குறிப்பாகச் சிவப்பு எழுத்து பிசிறடித்தால், அந்த எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு டிவியில் பிசி என்று பெயர் கொடுங்கள். பல டிவிகளில் பெயரை மாற்றினாலே வண்ணம் முழுதாக வந்துவிடும்.

இனி சொல்லப்போவது எங்களை அதிகம் கவலைப்படுத்தும் விஷயம்: எர்த். கணினியின் எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேபினட் தகட்டுக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இணைந்திருக்கும். மின் இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாத வீட்டில் அவை இரண்டும் சேர்ந்து கேபினட்டை 230 வோல்ட்டின் பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் தூக்கி நிறுத்திவிடுகின்றன. ஸ்குரூ தலையில் விரல் பட்டால் சுர்ரென்று இழுப்பதும், தகட்டில் டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிவதும் இதனால்தான். மின்னோட்டம் குறைவு என்பதால் பெரிதாக ஷாக் அடிக்காது, அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அதே கேபினட்டிலிருந்து ஓர் எச்டிஎம்ஐ கேபிளை டிவிக்கு இழுக்கும்போது என்ன நடக்கிறது? டிவியில் கேபிள்காரர் வயர் வழியாகவோ வேறு சாக்கெட் வழியாகவோ வேறொரு எர்த் வந்து சேர்ந்திருக்கும். பிளக் போர்ட்டைத் தொடும் கணத்தில் இரண்டுக்கும் உள்ள வோல்ட் வித்தியாசம் மெல்லிய சிக்னல் பின்கள் வழியே பாய்கிறது. ஓட்டத்தில் இருக்கும்போதே கழற்றி மாட்டினால் ஆபத்து இன்னும் அதிகம். இதனால் கெட்டுப்போகும் போர்ட் பெரும்பாலும் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். கணினி ஓடும், அந்தப் போர்ட் மட்டும் மானிட்டரை அடையாளம் காணாது. இல்லையென்றால் 1024க்கு 768 என்ற அளவைத் தாண்டாது, ஏனென்றால் மானிட்டரின் விவரத்தைப் படிக்கும் பின் இறந்திருக்கும்.

இப்படிப் போன போர்ட்டுகளுக்கு வாரண்டியும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதனால் கணினி, மானிட்டர், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் எர்த் உள்ள ஒரே சாக்கெட்டில், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இணையுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் அடாப்டரைக் கணினிக்குப் பயன்படுத்தவே கூடாது. கேபிளை மாட்டும் முன் இரண்டு பக்கப் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரில் லைனுக்கும் எர்த்துக்கும் இடையே பார்க்கச் சொல்லுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் உள்ள வோல்ட்டுக்கு நெருக்கமாக அது வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. கரியும் உப்பும் போட்ட பழைய எர்த் குழி கோடையில் காய்ந்துபோனால் அளவு ஏறும், தண்ணீர் ஊற்றி ஈரமாக வைத்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் எர்த் இல்லையென்றால் வீட்டு உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். இது கணினிக்கு மட்டுமான கோரிக்கை அல்ல, வாஷிங் மெஷினைத் தொடும் கைக்கும் அதுதான் பாதுகாப்பு.

விற்பனையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கார்டு விற்கும் பில்லில் போர்ட்டுகளின் பெயர், எண்ணிக்கை, ஒரே நேரத்தில் எத்தனை திரை, எத்தனை வாட், எத்தனை பின் வயர் ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுங்கள். வாங்குபவரிடம் வீட்டில் இருக்கும் மானிட்டரின் பின்பக்கத்தை போனில் படமெடுத்து வரச் சொல்லுங்கள். அசெம்பிள் செய்து கொடுக்கும் கணினியில் மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளைமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 'மானிட்டர் கேபிள் கீழே' என்று தமிழில் எழுதுங்கள். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், கேபினட் முதுகுப்புறத்தின் படம் ஒன்றை இந்த இரண்டு இடங்களையும் அம்புக்குறியிட்டு வெளியிட்டால் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்போர் சிலர்,
திருச்சி.